வாட் எண்ணைக் கடைசியில் பாருங்கள்: ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் பொருத்தம் பார்க்கும் முறை

எனக்கு 19 வயதில், அப்பாவின் ஸ்பீக்கர் ஜோடியில் இரண்டு ட்வீட்டரும் (மேல் ஸ்தாயி ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) ஒரே சாயங்காலத்தில் எரிந்துபோயின. பெட்டியின் பின்னால் "100 வாட்" என்று எழுதியிருந்தது. நான் மாட்டியிருந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வெறும் 20 வாட். 100 தாங்குகிற பெட்டியை 20 எப்படி எரிக்கும் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. அப்பா திட்டவில்லை. ட்வீட்டரைக் கழற்றி, தலைமுடியைப் போல மெல்லிய காயில் கருகிய இடத்தை லென்ஸ் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் என்னைப் பற்றவைப்புக் கோலைக் கையில் எடுக்க வைத்தது. இப்போது 26 வருஷமாக ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என் ஸ்பீக்கர் 80 வாட், ஆம்ப்பும் 80 வாட்டில் வாங்கினால் சரியாகிவிடுமா?" கேள்வியில் தப்பு சொல்ல முடியாது, பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது அந்த எண்தான். ஆனால் ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதன் கணக்கு. எவ்வளவு கொடுத்தால் பாடும் என்பதை அது சொல்லாது. பொருத்தம் பார்க்க வேறு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: நீங்கள் உட்காரும் தூரம், ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதன் இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது) எந்த ஆழம் வரை இறங்குகிறது என்பது. இந்த மூன்றும் கையில் இருந்தால் வாட் எண் தானாக வந்து உட்காரும்.

வரிசையும் முக்கியம். முதலில் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப். இரண்டு நல்ல ஆம்ப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பக்கத்து அறையில் இருப்பவருக்கே கேட்கும். அழகான ஆம்ப்பை முதலில் வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தேடி அலைபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். பிடித்த ஸ்பீக்கர் ஒன்று கண்ணெதிரே இருக்கும், அதை ஓட்ட அந்த ஆம்ப்பால் முடியாது.

சென்சிட்டிவிட்டி: முதலில் தேட வேண்டிய எண்

ஸ்பீக்கரின் விவரத்தாளில் "86 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று ஒரு வரி இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 86 டெசிபல் சத்தம் வருகிறது என்று அர்த்தம். 2.83 ஏன்? 8 ஓம் சுமையில் அந்த வோல்டேஜ் சரியாக ஒரு வாட். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தால் அதே 2.83 வோல்ட்டில் அது இரண்டு வாட் இழுக்கும். ஆகவே 88 என்று போட்டிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கர், வாட் கணக்கில் பார்த்தால் 85-தான். கூடுதல் 3 டெசிபலுக்கான உழைப்பு ஆம்ப்பின் தலையில் விழுகிறது.

டெசிபலுக்கு இரண்டே விதிகளை மனதில் வைத்தால் போதும். 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு வேண்டும், காதுக்கு அப்போதுதான் சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்றும். 50 வாட் ஆம்ப்பை விட்டு 60 வாட்டுக்கு மாறினால் கிடைப்பது 0.8 டெசிபல். அதை உணர்வதே கடினம். அந்த மாற்றத்துக்காகச் செலவு செய்யாதீர்கள் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கர் 86, நீங்கள் உட்காருவது 3 மீட்டர் தூரத்தில். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 3 மீட்டர் தூரத்தில் குறைவது ஏறக்குறைய 9.5 டெசிபல். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். அறைச் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலிக்கு இன்னும் ஒரு 2, 3 சேர்த்துக்கொள்ளலாம். ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வாட் கொடுத்தால் உங்கள் காதில் சுமார் 82 விழும். பேச்சை விடச் சத்தமான, நல்ல நிறைவான அளவு அது. ஆம், ஒரே ஒரு வாட்டில். பெரும்பாலான நேரம் நாம் எல்லோரும் ஒன்றிரண்டு வாட்டில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் பெரிய ஆம்ப் எதற்கு? இசையில் திடீரென்று எழும் உச்சங்களுக்கு. மிருதங்கத்தில் விழும் ஒரு அடி, டிரம்மின் ஒரு வீச்சு, தவில் எடுக்கும் ஒரு வேகம்: இவை சராசரியை விட 10 முதல் 20 டெசிபல் மேலே தாவும். அந்த நொடித்துணுக்குக்கு 100 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 82-லிருந்து 18 ஏற வேண்டும். அது 63 வாட். ஸ்பீக்கர் 92-ஆக இருந்தால் அதே வேலைக்கு 16 வாட் போதும். 82-ஆக இருந்தால் 160 வாட் வரை போகும். அறை ஒன்று, பாட்டு ஒன்று, ஆள் ஒருவர். ஸ்பீக்கர் மட்டும் மாறியதில் ஆம்ப் பத்து மடங்கு மாறிவிட்டது.

இந்த எண் ஏன் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் இப்படி மாறுகிறது என்பதற்கு ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜோசஃப் அன்டன் ஹாஃப்மன் ஒரு விளக்கம் கொடுத்தார். பொறியாளர்கள் இன்றும் அதை "இரும்பு விதி" என்கிறார்கள். ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, அதிக சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, இரண்டு கையில் அடங்குகிற பெட்டி. சென்சிட்டிவிட்டி 82, 83 அளவில்தான். மூலைச் சுவரையே தன் ஊதுகுழாயின் நீட்சியாக்கிக்கொள்ளும் கிளிப்ஷ்ஹார்ன், அலமாரி அளவு. அதற்கு 105 என்று குறிப்பிடுகிறார்கள். ஒரே வோல்டேஜ் கொடுத்தால் இரண்டுக்கும் 20 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். சின்னப் பெட்டியில் ஆழமான பாஸ் கேட்டுச் சொக்கிப்போய் வாங்குகிறவர்கள், அந்த பாஸுக்கான விலையை ஆம்ப்பில் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? அளந்து பாருங்கள்

மேலே போட்டது காகிதக் கணக்கு. ஆம்ப் மாற்ற நினைப்பவரிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு செட் இருக்கும். அதை வைத்தே, சாதாரண மல்டிமீட்டர் ஒன்றால், உங்கள் காதுக்கும் உங்கள் அறைக்கும் எத்தனை வோல்ட் தேவை என்று கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

100 ஹெர்ட்ஸ் சைன் அலை, முழு அளவுக்கு 20 டெசிபல் கீழே பதிவான ஒரு சோதனைக் கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பாட்டுப் போடும் அதே கருவியில் அதைப் போட வேண்டும். பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமன்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இப்போது உங்களுக்கு மிகப் பிடித்த, உச்சம் நிறைந்த ஒரு பதிவை ஓட விட்டு, "இதற்கு மேல் நான் வைக்கவே மாட்டேன்" என்கிற இடம் வரை வால்யூமை ஏற்றுங்கள். அந்த இடத்தில் நாபை விட்டுவிடுங்கள், தொடக்கூடாது. பாட்டை நிறுத்தி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஒரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளில் பிடித்து, சோதனை ஒலியைப் போடுங்கள். முள்ளு இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உரசினால் ஷார்ட். ஸ்பீக்கர் இணைந்தே இருக்கட்டும். கனத்த ஹம் சத்தம் வரும், பத்து விநாடியில் முடித்துவிடலாம். வால்வு ஆம்ப் (ட்ரான்ஸிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது) வைத்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இதைச் செய்யாதீர்கள். சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மீட்டர் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். 20 டெசிபல் என்பது வோல்டேஜில் பத்து மடங்கு. நீங்கள் வைத்திருக்கும் அளவில், பதிவு தன் முழு உயரத்துக்கு எழும்பினால் ஆம்ப் கொடுக்க வேண்டிய வோல்டேஜ் அது. அந்த வோல்ட்டை அதாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் 8 ஓமுக்கான வாட்.

எரிந்த ட்வீட்டருக்குப் பதில் புது ட்வீட்டர் போட்டு, அப்பாவின் அந்த ஸ்பீக்கர் ஜோடி இன்னும் என்னிடம்தான் பாடிக்கொண்டிருக்கிறது. பல வருஷம் கழித்து அதில் இந்தச் சோதனையைச் செய்தேன். மீட்டர் காட்டியது 1.4. ஆக 14 வோல்ட். 8 ஓமில் 24.5 வாட். இன்றைக்கு நான் நிதானமாகக் கேட்கும் அளவுக்கே அவ்வளவு வேண்டும். அன்றைய 20 வாட் ஆம்ப்போ 12.6 வோல்ட்டில் முடிந்துவிடும். 19 வயதில் நான் இதைவிடச் சத்தமாகத்தான் வைத்திருப்பேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அந்த ஆம்ப் தன் கூரையில் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாஸ் நாபைத் திருகி வைத்திருப்பவர்கள் அதைத் திருகிய நிலையிலேயே, 100-க்குப் பதில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள். எண் எகிறியிருக்கும். பாஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் பத்து மடங்கு வாட் கொடுக்க வேண்டும்.

கிடைத்த வாட்டை இரண்டால் பெருக்கி, அந்த அளவில் ஆம்ப் தேடுங்கள். அளவுக்கு மீறிப் பெரிதாக வேண்டாம், ஆனால் மூச்சு விட இடம் வேண்டும்.

சின்ன ஆம்ப் ட்வீட்டரை எப்படி எரிக்கிறது

அப்பா லென்ஸில் காட்டியதன் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப்புக்கு உள்ளே மின்சப்ளை தரும் வோல்டேஜ் ஒரு கூரை மாதிரி. அலை அதைத் தாண்டி எழும்ப முடியாது. எழும்ப முயன்றால் உச்சி சீவப்பட்டுத் தட்டையாகும், இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். ஒரே உயரம் உள்ள சைன் அலையை விட, முழுக்கத் தட்டையாகிப்போன சதுர அலை இரண்டு மடங்கு சூட்டைத் தரும். மேலும் சத்தத்தை ஏற்ற ஏற்ற பாஸ் கூரையில் இடித்து நின்றுவிடும். உயரம் குறைந்த மேல் ஸ்தாயி ஒலிகளோ தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். சீவப்பட்ட முனைகள் புதிதாக உண்டாக்கும் ஸ்தாயிகளும் கிராஸோவர் (ஸ்தாயிகளைப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சர்க்யூட்) வழியாக நேரே ட்வீட்டருக்குத்தான் போகும். "100 வாட்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சாதாரண இசையில் ட்வீட்டருக்குப் போய்ச் சேருவது அதில் சிறு பங்கு என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது அது. ட்வீட்டரின் காய் தனியாகத் தாங்குவது சில வாட்தான்.

பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்காதா என்றால், எரிக்கும். 300 வாட்டைச் சின்னப் பெட்டியில் மாட்டி முழுதாகத் திருகினால் ஊஃபரின் (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) காய் காந்தத்தை விட்டு வெளியே வந்து அடிக்கும், டக் டக் என்று சத்தம் கேட்கும். ஆனால் அதற்கு முன்பே உங்கள் காது வலிக்கும், கை தானாக நாபுக்குப் போகும். கிளிப்பிங்கில் அப்படி எச்சரிக்கை வராது. பாட்டு கொஞ்சம் கரகரப்பாக, இறுக்கமாகத் தோன்றும், அவ்வளவுதான். அந்தக் கரகரப்பு கேட்டதுமே குறைத்துவிடுங்கள்.

இம்பீடன்ஸ்: உண்மையான பொருத்தம் இங்கேதான்

அக்கா மகன் தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் வாங்கினான். பெட்டியில் "8 ஓம்". ஆம்ப்பில் "100 வாட்". மெதுவாகக் கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் ஏற்றினால் கிளிக் என்று உள்ளே ரிலே விழுந்து எல்லாம் அணைந்துவிடும். விற்றவர்கள் ஆம்ப்பை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவதும் அணைந்தது. "மாமா, எனக்குன்னு எல்லாமே டிஃபெக்ட் பீஸா வருது" என்று சலித்துக்கொண்டு தூக்கி வந்தான். நான் ஆம்ப்பைத் தொடவே இல்லை. ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தேன். 3.3.

மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்தடையை மட்டும்தான், இம்பீடன்ஸை அல்ல. எனவே லேபிளை விடக் குறைவாகத்தான் காட்டும். உண்மையான 8 ஓம் ஸ்பீக்கர் 5.5-லிருந்து 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3-லிருந்து 3.7 வரை. 3.3 காட்டுகிற பெட்டியில் 8 என்று எழுதியிருந்தாலும் நான் அதை 4 ஓமாகத்தான் நடத்துவேன்.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒரே எண் கிடையாது. ஸ்தாயிக்கு ஸ்தாயி மலையும் பள்ளமுமாகப் போகும். ஊஃபரின் ஒத்ததிர்வில் 20, 30 ஓம் வரைகூட ஏறி, அதற்குச் சற்று மேலே, பெரும்பாலும் 100-க்கும் 200-க்கும் நடுவில், பள்ளத்தில் விழும். இசையின் பலமெல்லாம் குவிந்திருக்கும் இடமும் அதுதான். சர்வதேசத் தர விதிப்படி, எந்த ஸ்தாயியிலும் இம்பீடன்ஸ் லேபிள் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 8 ஓம் என்று போட்டால் 6.4-க்குக் கீழே இறங்கக்கூடாது, 4 என்று போட்டால் 3.2. எல்லாத் தயாரிப்பாளர்களும் இதை மதிப்பதில்லை. அதனால் விவரத்தாளில் "குறைந்தபட்ச இம்பீடன்ஸ்" என்று தனியாக ஒரு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். நேர்மையான நிறுவனம் அதைப் போட்டிருக்கும், எந்த ஹெர்ட்ஸில் என்றும் சொல்லியிருக்கும்.

பள்ளம் ஏன் ஆம்ப்பைக் கொல்கிறது? 20 வோல்ட் கொடுக்கும்போது 8 ஓம் 2.5 ஆம்பியர் இழுக்கும். 4 ஓம் 5 ஆம்பியர். 3 ஓம் 6.7 ஆம்பியர். உங்கள் காதில் விழும் சத்தம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ட்ரான்ஸிஸ்டர்கள் வழியாக ஓடும் கரண்ட் இரண்டரை மடங்குக்கு மேல். பள்ளம் இருக்கும் இடத்திலேயே கட்டக்கோணமும் பெரிதாக இருந்தால், அதாவது வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காமல் முன்பின்னாக ஓடினால், ட்ரான்ஸிஸ்டரில் இன்னும் அதிகச் சூடு தங்கும். 4 ஓமும் 45 டிகிரி கோணமும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஸ்பீக்கரை நான் "கனத்த சுமை" என்று தனியே குறித்து வைப்பேன். 1980-களில் வந்த அபோஜி சின்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓம் சுமைக்குப் பேர் போனது. நல்ல நல்ல ஆம்ப்புகள் எல்லாம் அதன் முன்னால் திணறின.

சரி, ஆம்ப் பக்கம் எதைப் பார்ப்பது? 8 ஓமுக்கு ஒரு எண், 4 ஓமுக்கு ஒரு எண். இரண்டாவதுதான் ஆம்ப்பின் குணத்தைச் சொல்லும். 8 ஓமில் 50, 4 ஓமில் 90 அல்லது 100 என்றால், அதன் ட்ரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டர்களும் கேட்ட கரண்டைத் தயங்காமல் கொடுக்கின்றன. 8 ஓமில் 100, 4 ஓமில் 120 என்றால் சப்ளை அங்கேயே மூச்சு வாங்குகிறது. 4 ஓம் எண்ணே இல்லாமல் "6 முதல் 16 ஓம் வரை" என்று மட்டும் போட்டிருந்தால், பள்ளமுள்ள ஸ்பீக்கருக்கு அதை வாங்க வேண்டாம். அக்கா மகனின் ஆம்ப்பில் அந்த வரிதான் இருந்தது. பிறகு 8 ஓமில் 60-ம் 4 ஓமில் 110-ம் தரும் ஒரு பழைய ஆம்ப்பை அவனுக்குத் தேடிக் கொடுத்தேன். காகிதத்தில் 100-லிருந்து 60-க்கு இறங்கினான். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அணையவில்லை.

வாட் எண்ணைப் படிக்கும்போது, அது தொடர்ந்து கொடுக்கும் சக்தியா, எத்தனை சேனல் ஒரே நேரத்தில் ஓடும்போது, எந்த ஸ்தாயி முதல் எது வரை, எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்ற நான்கும் கூடவே இருக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு எண்ணைப் போட்டு விற்ற காலத்தில், 1974-ல், அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. "பிஎம்பிஓ" என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை, கடந்து போய்விடுங்கள்.

ஒரே ஆம்ப்பில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஏ, பி என்ற இரண்டு ஜோடியும் சேர்ந்து ஓடும்போது பெரும்பாலான ஆம்ப்புகளில் அவை இணையாகத்தான் இருக்கும். இரண்டு 8 சேர்ந்தால் 4, இரண்டு 6 சேர்ந்தால் 3. ஆம்ப்பை பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது) மாற்றினால் 8 ஓம் ஸ்பீக்கர் அதன் கண்ணுக்கு 4 ஓமாகத் தெரியும், 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓமாக. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஏவி ரிசீவர்களின் பின்னால் அல்லது மெனுவில் "4 ஓம் / 8 ஓம்" என்று ஒரு தேர்வு இருக்கும். பல ரிசீவர்களில் 4 ஓம் நிலை செய்வதெல்லாம் உள் சப்ளை வோல்டேஜைக் குறைப்பதுதான். சூடு குறையும், கூடவே கூரையும் தாழும், கிளிப்பிங் சீக்கிரம் வரும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் நான் அதை 8-லேயே விட்டுவிடுகிறேன். கை வைத்துச் சூட்டை மட்டும் பார்த்துக்கொள்வேன்.

வால்வு ஆம்ப்பும் டேம்பிங் ஃபேக்டரும்

ட்ரான்ஸிஸ்டர் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு, 0.05 ஓம் மாதிரி. ஸ்பீக்கரின் மலையும் பள்ளமும் அதைத் தொடாது. ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழை திருத்துவது) இல்லாத வால்வு ஆம்ப்பில் இது 2 ஓம், 3 ஓம் இருக்கலாம். 2 ஓமுள்ள ஆம்ப், 4-க்கும் 20-க்கும் நடுவே ஆடும் ஸ்பீக்கரை ஓட்டினால், மலையில் இருக்கும் ஒலி பள்ளத்தில் இருப்பதை விட 2.7 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். நாம் திருகாத ஒரு டோன் கன்ட்ரோலை ஆம்ப்பே திருகி வைத்த மாதிரி. சில ஸ்பீக்கரில் அது குரலுக்கு ஒரு கனிவைத் தரும், நான் அதை மனசார ரசித்திருக்கிறேன். சிலவற்றில் பாஸ் தொளதொளவென்று ஊதிக்கொண்டு கிடக்கும். வால்வு ஆம்ப் ஆசை இருந்தால், 90-க்கு மேல் சென்சிட்டிவிட்டியும் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத இம்பீடன்ஸும் உள்ள ஸ்பீக்கரை முதலில் தேடுங்கள். 300பி வால்வு ஒன்றை மட்டும் வைத்துக் கட்டிய ஆம்ப் சேனலுக்கு 8 வாட் அளவில்தான் தரும். 84 டெசிபல் பெட்டிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி முனைகள் இருந்தால் இரண்டிலும் மாட்டிக் கேளுங்கள். லேபிளைப் பார்க்காமல் பாஸ் எதில் கட்டுக்குள் நிற்கிறது என்று காதால் முடிவு செய்யுங்கள்; ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றினால் இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

டேம்பிங் ஃபேக்டர் 500, 1000 என்று விளம்பரத்தில் பார்த்து மயங்க வேண்டாம். ஊஃபரை ஆம்ப் எவ்வளவு கட்டுக்குள் பிடிக்கும் என்பதைச் சொல்ல, 8 ஓமை ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்த எண் அது. 0.05 ஓம் என்றால் 160. வயரில் 0.1 ஓம் சேர்ந்தால் அதே 160, 53 ஆகிவிடும். ஊஃபர் காயின் சொந்த மின்தடையே 6 ஓம் போல இருப்பதால், 50-ஐத் தாண்டிய பிறகு கேட்கிற வித்தியாசம் இல்லை.

வயர் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. எனக்குத் தெரிந்தது இதுதான்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.0115 ஓம். 3 மீட்டர் ஓட்டம் என்றால் போக வர 6 மீட்டர், 0.07 ஓம். போதும். 10 மீட்டர் ஓட்டத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரைப் போட்டால் 0.69 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் 1.4 டெசிபல் வயரிலேயே தொலையும். மொத்த வயர் மின்தடை, ஸ்பீக்கரின் குறைந்தபட்ச இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்குமேல் தடிமனுக்கும் பளபளப்புக்கும் நான் காசு கொடுப்பதில்லை.

கிளாஸ் டி ஆம்ப் (ட்ரான்ஸிஸ்டர்களை ஸ்விட்ச் போல வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓடுவது) பற்றிச் சுருக்கமாக. சின்ன உருவம், சூடு குறைவு, 4 ஓமை நன்றாகவே தாங்குபவை பல. ஆனால் அவுட்புட் ஃபில்டர் ஃபீட்பேக்குக்கு வெளியே இருக்கும் எளிய வடிவமைப்புகளில், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் பொறுத்து உச்சஸ்தாயி ஏறவோ இறங்கவோ செய்யும். ஒரே ஆம்ப், ஒரு வீட்டில் பளிச்சென்றும் இன்னொரு வீட்டில் மங்கலாகவும் கேட்பதற்கு இது ஒரு காரணம். இவற்றில் பலவற்றின் கறுப்பு முனை எர்த் கிடையாது. இடது, வலது கறுப்பு முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள்.

வால்யூம் நாப் எங்கே நிற்கிறது என்பதை வைத்து வாட்டைக் கணிக்காதீர்கள். "பாதிக்குக்கூட வைக்கலை, எப்படி எரிஞ்சுது?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. சிடி பிளேயர் 2 வோல்ட் தரும். பல ஆம்ப்புகள் 0.2, 0.5 வோல்ட் உள்ளே வந்தாலே முழு சக்திக்குப் போய்விடும். அப்படிப்பட்ட இணைப்பில் நாப் பாதியைத் தொடும் முன்பே ஆம்ப்பின் கையிருப்பு தீர்ந்துவிடும்.

மாட்டும் நாள்

ஆம்ப்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். வயரின் ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. முறுக்கி, முனையில் ஈயம் பூசியோ பனானா பிளக் போட்டோ சேருங்கள். பெட்டி சுவரை ஒட்டி நின்றால் பாஸ் பெருக்கும். பின்பக்கம் துளை உள்ள பெட்டியாக இருந்தால் ஓரடியாவது முன்னே இழுங்கள்; ஆம்ப்பைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள். 3.5 மீட்டர் நீள அறையில் 49 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குவிந்து உறுமும், எந்த ஆம்ப் மாற்றினாலும் அது போகாது.

சப்வூஃபர் வைத்திருந்தால், முக்கிய ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி ஹை-பாஸ் வெட்டு கொடுங்கள். சின்ன ஆம்ப்பின் தோளிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல இருக்கும்.

முதல் நாள் அரைமணி நேரம் வழக்கமான சத்தத்தில் ஓட்டிவிட்டு, ஹீட் சிங்க்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் பயமில்லை. முடியவில்லை என்றால், மேலே மூடியிருக்கும் எதையும் எடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் சுட்டால் அந்த ஸ்பீக்கர் அந்த ஆம்ப்புக்குக் கனம்.

கடைசியாக, பெட்டிகளின் சிவப்பு, கறுப்பு மாறிவிடவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஒருவர் மட்டும் பாடும் பதிவைப் போட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் இரண்டுக்கும் மத்தியில், ஒரு ஆள் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவி, பாஸும் மெலிந்திருந்தால், ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள்.